ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை: செட்டிநாட்டுக் கடை, பட்டறை, ஆலைத் தொழிலாளர்களுக்கு

காரைக்குடி ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவர், புதுவயல் ஆலையில் நெல் அவிக்கிறவர், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர், கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் இடத்தில் பரிமாறுகிறவர் என எல்லோருக்கும் வாக்குப்பதிவு நாளன்று ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. அந்த நாளுக்குச் சம்பளமும் உண்டு. முதலாளி மனது வைத்துக் கொடுக்கும் சலுகை இல்லை இது, சட்டம் கொடுத்த உரிமை. ஆனாலும் நம் பக்கம் பலருக்கு இது கிடைப்பதில்லை. மறுக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள்தான். அவர்களைவிட, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் முந்தின நாள் இரவு கடை அடைக்கும்போது வாய்பேச்சாகக் கேட்பதால் இழப்பவர்களே அதிகம். பத்து நாள் முன்னால் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான இடங்களில் சச்சரவே வராது.

சட்டத்தில் இருப்பது என்ன

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1996-இல் சேர்த்தார்கள், அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. தொழில், வணிகம், தொழிற்சாலை, வேறு எந்த நிறுவனம் என்றாலும் அதில் வேலை பார்க்கிற, மக்களவைத் தேர்தலிலோ சட்டமன்றத் தேர்தலிலோ ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் வாக்குப்பதிவு நாளில் விடுமுறை தர வேண்டும் என்பது அதன் முதல் உட்பிரிவு. விடுமுறை கொடுத்ததைக் காரணம் காட்டிச் சம்பளத்தில் பிடிக்கவோ குறைக்கவோ கூடாது என்பது இரண்டாவது. மீறுகிற முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்பது மூன்றாவது. தான் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ நேரக்கூடிய வேலையில் இருப்பவருக்கு இது பொருந்தாது என்பது நான்காவது. அந்த நான்காவதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம், தகராறெல்லாம் அங்கேதான் வருகிறது.

இரண்டாவது உட்பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. நாள்கூலிக்காரர்கள் அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளுக்கு வழக்கமாகக் கூலி கிடையாது என்ற ஏற்பாட்டில் ஒருவர் வேலை பார்த்தாலும், அன்று விடுமுறை விடாதிருந்தால் அவர் என்ன கூலி வாங்கியிருப்பாரோ அதை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆக, ‘வேலைக்கு வந்தால்தான் கூலி’ என்ற பேச்சு அந்த ஒரு நாளுக்குச் செல்லாது.

சட்டத்தில் ‘விடுமுறை’ என்றுதான் எழுதியிருக்கிறது. ‘இரண்டு மணி நேரம் பெர்மிஷன்’ என்று எங்கும் இல்லை. காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு பதினோரு மணிக்கு வந்துவிடு என்பதும், மதியத்துக்கு மேல் கடையை அடைக்கிறோம் என்பதும் விடுமுறை ஆகாது. கேஷுவல் லீவில் ஒரு நாளைக் கழித்துக்கொள்வதும் அப்படித்தான்; அது உங்களுடைய சொந்த லீவை எடுத்து உங்களுக்கே திருப்பிக் கொடுப்பது. ‘அடுத்த ஞாயிறு வந்து ஈடுகட்டு’ என்று சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாகக் கூலி கொடுக்காமல் விட்டால், ஒரு நாள் கூலியைப் பின்வாசல் வழியாகப் பிடித்ததாகவே ஆகும்.

‘அரசாங்க லீவுதானே, அது ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்’ என்று சொல்லும் பழக்கம் கடைவீதியில் உண்டு. இரண்டும் வேறு வேறு. வாக்குப்பதிவு நாளைப் பொது விடுமுறையாக அரசு அறிவிப்பது 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடுவது அதனால். தனியார் கடைக்கும் பட்டறைக்கும் பொருந்துவது 135பி. ஆகவே அரசு அறிவிப்பில் உங்கள் கடை வருமா என்று தேடிக் குழம்ப வேண்டாம்.

கடையைப் பூட்டியே தீர வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. முதலாளியும் வீட்டாரும் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொள்ளலாம். வேலையாள் வர வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு 135பி-யைக் காட்டாதீர்கள். பிரிவில் இருப்பது மக்களவையும் சட்டமன்றமும் மட்டுமே. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலும், 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலும் மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தியவை. அப்படிப்பட்ட தேர்தலில் அந்தந்த நேரத்து அரசாணையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இடைத்தேர்தல் என்றால், அது சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நடக்கும்போது அந்தத் தொகுதி வாக்காளருக்கு 135பி முழுதாகப் பொருந்தும்.

முதலில் பட்டியலில் பெயர்

பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டுரிமை, ஓட்டுரிமை இருந்தால்தான் இந்த விடுமுறை. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருப்பது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் வாங்கினார்கள். வேலைக்காக வெளியூரில் தங்கியிருப்பவர்கள், செட்டியார் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்து பிறகு வேறு தெருவுக்கு மாறியவர்கள், கல்யாணமாகி ஊர் மாறிய பெண்கள் எல்லோரும் ‘போன தேர்தலில் இருந்ததே’ என்று சும்மா இருக்க வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ ‘இசிஐநெட்’ (ECINET) செயலியிலோ அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். செல்போன் பழக்கமில்லாதவர் 1950-க்கு அழைக்கலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. முகவரி மாறியிருந்தாலோ பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலோ படிவம் 8. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே இதை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கொடுத்த மனு அந்தத் தேர்தலுக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

பெயர் வந்த பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொகுதிப் பெயர், பாக எண், வரிசை எண் மூன்றும் அதில் இருக்கும். முதலாளிக்கு எழுதும் தாளில் இந்த மூன்றும் வேண்டும்.

நம் பகுதியில் தொகுதி விஷயம் கொஞ்சம் குழப்பமானது. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளோடு புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்ததுதான் சிவகங்கை மக்களவைத் தொகுதி. பொன்னமராவதிக்காரர் திருமயம் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார், அவருடைய எம்.பி. சிவகங்கை எம்.பி., ஆனால் அவருடைய கலெக்டர் புதுக்கோட்டையில். அதே மாவட்டத்தில் புதுக்கோட்டை நகரத்துக்காரரோ திருச்சி மக்களவைத் தொகுதி. ஓட்டு எங்கே என்பது ஒன்று, வேலை எங்கே என்பது வேறொன்று. விடுமுறை உரிமை ஓட்டைப் பொறுத்தது. புகார் கொடுக்க வேண்டிய அலுவலகம் வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது. பொன்னமராவதியில் ஓட்டு, காரைக்குடிக் கடையில் வேலை என்றால் புகார் சிவகங்கை மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைக்கு எழுதினால் தாள் இங்கும் அங்கும் சுற்றி, தேர்தலே முடிந்துவிடும்.

பத்து நாள் முன்னால் ஒரு தாள்

சின்னக் கடையில், அதுவும் இருபது வருஷமாக ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பழகிய முதலாளியிடம், தாள் எழுதிக் கொடுப்பது நெருடலாகத்தான் இருக்கும். வாயால் சொல்லிவிட்டு, அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிடுங்கள். உறவும் கெடாது, ஆதாரமும் இருக்கும். இப்படி:

“அண்ணே, வணக்கம். இந்தத் தேர்தலுக்கு எனக்குக் காரைக்குடித் தொகுதியில் ஓட்டு இருக்கிறது. வாக்குப்பதிவு அன்றைக்கு லீவு, சம்பளத்தோடு. காலையில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். முந்தின நாள் சரக்கு அடுக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகிறேன்.”

ஆலை, பெரிய ஜவுளிக்கடை, ஓட்டல், ஏஜென்சி போன்ற இடங்களில் முறையான கடிதம்தான் நல்லது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட்டாலும் போதும். போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

“மேலாளர் அவர்களுக்கு,
நான் தங்கள் நிறுவனத்தில் (பிரிவு, பணி எண்) பணிபுரிகிறேன். (தொகுதி) சட்டமன்றத் தொகுதி, பாக எண் (…), வரிசை எண் (…) இல் எனது பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளது. (தேதி) அன்று நடைபெறும் வாக்குப்பதிவை முன்னிட்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி-இன்படி அன்று எனக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டில் அந்த நாளைத் தேர்தல் விடுமுறை எனக் குறிக்குமாறும் வேண்டுகிறேன்.
இப்படிக்கு, (பெயர், கையெழுத்து, தேதி)”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ என்று விழுந்துவிட்டால், மாதக் கடைசியில் சம்பளத்தைக் கணக்கிடுகிறவர் வழக்கம்போல ஒரு நாளைக் கழித்துவிடுவார். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் இருக்காது. பல இடங்களில் பிடித்தம் நடப்பது இப்படித்தான்.

காண்டிராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்கள், அதாவது செக்யூரிட்டி, துப்புரவு, லோடிங் ஆட்கள், கடிதத்தைக் காண்டிராக்டருக்கு எழுதி, வேலை நடக்கும் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். ஒருவர் மற்றவர்மேல் தள்ளிவிடுவதற்கு அப்போது இடமிருக்காது. கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் ஒருவருடைய தறிக்கூடத்தில் போய் நெய்தால் அவரும் வேலையாள்தான். வீட்டில் சொந்தத் தறி வைத்து நெய்பவர், சொந்த ஆட்டோ ஓட்டுபவர் ஆகியோருக்கு இந்தப் பிரிவு வராது. வேலைக்கு வைத்தவர் இன்னார் என்று காட்ட முடிகிற இடத்தில்தான் இது வலுவாக நிற்கும்.

பீஸ் ரேட்டில் கூலி எவ்வளவு

மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கே இல்லை. மாதம் 13,000 என்றால் 13,000. நாள்கூலிக்காரருக்கு அன்றைய கூலி. எண்ணிக்கைக் கூலிக்காரருக்குத்தான் கேள்வி வரும். கல்லுக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு, முறுக்குக்கு இவ்வளவு என்று வாங்குபவர் அன்றைக்கு என்ன வாங்கியிருப்பார்? ‘வாங்கியிருக்கக்கூடிய கூலி’ என்றுதான் சட்டம் சொல்கிறது, கணக்கு முறையை வரையறுக்கவில்லை. தொழிற்சாலைகளில் லீவுச் சம்பளத்துக்கு நெடுநாளாக இருந்துவரும் வழி, முந்தைய மாதம் வாங்கிய மொத்தக் கூலியை உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுப்பது. ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை. 24 நாள் வேலை செய்து 15,600 ரூபாய் வாங்கியிருந்தால் நாளுக்கு 650. இரு தரப்பும் மறுக்க முடியாத கணக்கு இது. தேர்தலுக்கு முன்பே பேசி முடிவு செய்து, கூலி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆள் இல்லாவிட்டால் நஷ்டம்’ என்றால்

நான்காவது உட்பிரிவைக் காட்டித்தான் அதிகமாக மறுக்கிறார்கள். அதைக் கவனமாகப் படியுங்கள். எந்த வாக்காளர் இல்லாததால் அவர் செய்யும் வேலையில் ஆபத்தோ கணிசமான நஷ்டமோ ஏற்படக்கூடுமோ, அந்த வாக்காளருக்கு மட்டும் விலக்கு. முழு ஆலைக்கும் விலக்கு என்று அதில் இல்லை. பாய்லர் எரியும்போது அதைப் பார்க்கிற ஆள், மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் போன்றவர்கள் இதில் வருவார்கள். ‘அன்றைக்கு வியாபாரம் போய்விடும்’ என்பது இந்த வகை நஷ்டமாகாது. விடுமுறை விட்டால் ஒரு நாள் வியாபாரம் குறையும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார்கள்.

பெரும்பாலான நஷ்டத்தை முன்கூட்டித் திட்டமிட்டால் தவிர்த்துவிடலாம். நம் ஊர்த் தொழில்களிலேயே பாருங்கள்.

புழுங்கலரிசி ஆலையில் உண்மையான சிக்கல் ஊறல் தொட்டியில் இருக்கிறது. தொட்டியில் போட்ட நெல்லை நேரத்துக்கு எடுத்து அவிக்காவிட்டால் புளித்து நாற்றமெடுக்கும், அரிசியும் நிறம் மாறும். அவித்த நெல்லைக் களத்தில் குவித்து விட்டாலும் அதே கதி. ஆகவே வாக்குப்பதிவு நாளில் எடுக்க வேண்டி வரும்படி நெல்லை ஊறப்போடக் கூடாது. கடைசி ஊறலை எடுத்து, அவித்து, காயவைத்து முந்தின நாளுக்குள் முடிகிற மாதிரி மேஸ்திரி நாள் பார்த்துக்கொண்டால் அன்றைக்கு ஆலையில் வாட்ச்மேன் ஒருவர் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் முந்தின நாள் தொட்டியை நிரப்பிவிட்டு, ‘நெல் கெட்டுவிடும், எல்லோரும் வாங்க’ என்று கூப்பிட்டால் அந்த நஷ்டம் முதலாளியே உண்டாக்கியது.

ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை இப்படி: கண்ணாடிமேல் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் கலர்க் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் பூசி வைப்பார்கள். அது இறுகியதும் கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சில நாள் வைக்க வேண்டும். முந்தின நாள் மாலை வரை வார்த்துக்கொண்டே இருந்தால், மறுநாள் தண்ணீரில் இறக்க ஆள் வேண்டும். இறக்காமல் விட்டால் வெயில் காலத்தில் கல் வலுவில்லாமல் போகும், வெடிப்பும் காணும். ஆகவே அதற்கும் முந்தின நாளோடு வார்ப்பை நிறுத்தி, முந்தின நாளை இறக்குவதற்கும் கண்ணாடி துடைப்பதற்கும் மணல் சலிப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் கிடக்கும் கல்லுக்கு ஒரு நாள் யாரும் தேவையில்லை.

கல்யாணச் சமையல் வேறு மாதிரி. முகூர்த்தம் அன்றே விழுந்துவிட்டால் தள்ளி வைக்க முடியாது. இலை போடும் நேரத்தில் மாஸ்டர் இல்லாவிட்டால் நஷ்டம் என்பது உண்மைதான். அப்படியென்றாலும் குழுவில் இருக்கும் பதினைந்து பேரும் விலக்கில் வருவதில்லை. யார் இல்லாவிட்டால் பந்தி நிற்கும் என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். அவர்களையும் காலை ஏழு மணிக்கு முதல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வர விடுங்கள். வெளியூர்க் கல்யாணம் என்றால் ஓட்டு அந்த ஊரில் இருக்காது. அந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ளும்போதே இதையும் யோசிக்க வேண்டும். பாரம்பரிய ஓட்டல்களில் விருந்தினர் புக் செய்திருப்பதும் விலக்காகாது. அன்றைக்கு எளிய மெனு, அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லாத இரண்டு பேர், முதலாளி வீட்டார் என்று வைத்துச் சமாளிக்கிற ஓட்டல்கள் இருக்கின்றன.

மின்சாரம், ரயில், தீயணைப்பு போன்ற அத்தியாவசியச் சேவை என்று தேர்தல் ஆணையம் அறிவிக்கும் துறைகளில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். அந்த ஐந்து நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

வெளியூரில் வேலை, ஊரில் ஓட்டு

சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளுக்கும் இந்த விடுமுறை உண்டு. தொகுதிக்கு வெளியே வேலை பார்த்தாலும், தற்காலிகத் தொழிலாளியாக இருந்தாலும், ஓட்டு இருக்கும் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று தேர்தல் ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் இருப்பவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26. கம்பெனி 26-ஆம் தேதி லீவு விட்டது. நம் ஊர்ப் பிள்ளைக்கு உரிய நாளோ 19. இப்படி நாள் மாறும்போது தொகுதிப் பெயரோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ஒழிய எச்.ஆர். ஆட்களுக்குத் தெரிய வழியில்லை.

சட்டம் கொடுப்பது வாக்குப்பதிவு நாள் ஒன்றை மட்டும்தான், பயண நாளை இல்லை. சென்னையிலிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டருக்கு மேல். பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் முந்தின நாள் பிற்பகலே எழும்பூரில் ஏற வேண்டும், திரும்புவது மறுநாள் விடியற்காலை. கூடுதல் நாட்களுக்குச் சொந்த லீவைப் போட வேண்டியிருக்கும். இரவுப் பஸ்ஸில் வந்து அன்றிரவே திரும்பினால் ஒரே நாளில் முடியும், ஆனால் தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே டிக்கெட் போட்டால்தான்.

இதே விதி மறுபக்கமும் வேலை செய்கிறது. நம் பகுதி ஆலைகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் 6, 11 தேதிகளில் பீகாரில் வாக்குப்பதிவு நடந்தபோது, அங்கே பட்டியலில் பெயர் இருந்தவருக்கு அவருடைய தொகுதி வாக்களித்த நாளில் இங்கே சம்பளத்தோடு விடுமுறை பெற உரிமை இருந்தது. தமிழ்நாட்டு வாக்குப்பதிவு நாளில் இந்தப் பிரிவின்கீழ் அவர்களுக்கு உரிமை கிடையாது. அவர்களுக்கு மொழி தெரியாது, கேட்கவும் தயங்குவார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருப்பவருக்கு 135பி உதவாது, அந்த முதலாளியை நம் சட்டம் கட்டுப்படுத்தாது. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்திருந்தாலும் நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும்.

அன்றைய தினம்

காலை ஏழு மணிக்குத் திறக்கும். முடியும் நேரம் அந்தந்தத் தேர்தல் அறிவிப்பில் இருக்கும், 2024-இல் மாலை ஆறு. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவருக்கு டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள். பூத் சிலிப் மட்டும் அடையாளமாகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறுநாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் ஆகியவற்றில் ஒன்று போதும். செல்போனை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோக முடியாது, யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ‘ஓட்டுப் போட்டதற்குச் சான்று கொண்டு வந்தால்தான் சம்பளம்’ என்று சில இடங்களில் கேட்கிறார்கள். ஓட்டுரிமை உள்ளவருக்கு விடுமுறை என்பதுதான் பிரிவு. போட்டதற்கு ரசீது எதுவும் சாவடியில் தருவதும் இல்லை. விரல் மையைக் காட்டுங்கள், போதும்.

மறுத்தால்

நாள் வருவதற்கு முன்னால் மறுத்தால் அதுவே புகார் கொடுக்க நல்ல நேரம். அதிகாரி ஒரு போன் செய்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நாள் கடந்தபின் மிஞ்சுவது 500 ரூபாய் அபராதமும் கூலிக்கான அலைச்சலும்தான். போன ஓட்டுத் திரும்பாது.

கடைகள், ஓட்டல்கள், சிறு பட்டறைகளுக்கு மாவட்டத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையர். பதிவு பெற்ற தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கே எழுதுங்கள், அங்கிருந்து உரிய இடத்துக்குப் போகும். 2024 தேர்தலின்போது விடுமுறை தராத நிறுவனங்களைப் பற்றிச் சொல்லவே தொழிலாளர் துறை கட்டுப்பாட்டு அறைகள் வைத்தது. இப்படிப்பட்ட எண்கள் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும். கண்ணில் பட்டதும் வெட்டி வையுங்கள். 1950-க்கும் சொல்லலாம். சி-விஜில் செயலி நடத்தை விதி மீறலுக்கானது. பணப் பட்டுவாடா, அனுமதியில்லாத பேனர் போன்றவற்றுக்கு. இதற்கு அதை நம்ப வேண்டாம்.

புகாரில் நிறுவனத்தின் முழு முகவரி, வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதியில் கேட்டீர்கள், யார் மறுத்தார், என்ன சொன்னார் என்பவை இருக்கட்டும். கொடுத்த கடிதத்தின் பிரதி, வாட்ஸ்அப் படம், ‘நாளை வழக்கம்போல் கடை உண்டு’ என்று ஒட்டிய தாளின் போட்டோ ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் தனியாகப் போவதைவிட நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது. முதலாளி தனியாக ஒருவர்மேல் வன்மம் வைத்துக்கொள்ள அப்போது இடமிருக்காது.

சம்பள நாளன்று சீட்டைப் பாருங்கள். ஒரு நாள் குறைந்திருந்தால் முதலில் கணக்குப்பிள்ளையிடம் கடிதப் பிரதியைக் காட்டுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும். ‘அடுத்த மாசம் சேர்த்துப் போடுகிறேன்’ என்றால் எத்தனை ரூபாய், எந்தத் தேதிச் சம்பளத்தோடு என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்தச் சம்பளச் சீட்டையும் முந்தைய மாதச் சீட்டையும் இணைத்துத் தொழிலாளர் துறையில் பிடித்தத்துக்கு எதிராக மனுக் கொடுங்கள். பணம் திரும்பக் கைக்கு வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ என்று விழுந்ததைத் ‘தேர்தல் விடுமுறை’ என்று மாற்றச் சொல்லுங்கள். வந்த நாட்களை எண்ணித்தான் பல இடங்களில் தீபாவளி போனஸையும் ஆண்டு லீவையும் கணக்குப் போடுகிறார்கள்.